புதுப்பிப்பு: சியாபட்டா சரியாக வந்துவிட்டது

வீட்டில் சுட்ட சியாபட்டா என்ற இத்தாலிய ரொட்டி உள்ளே அடைசலாக இருக்கிறது, கத்தரிக்காயும் மொசரெல்லா சீஸும் வைத்த சாண்ட்விச்சின் அடித்துண்டு நசநசவென்று ஊறிப்போகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். தண்ணீரைக் கூட்டச் சொன்னீர்கள். அதுதான் சரி.

500 கிராம் மைதாவுக்கு 325 மில்லி ஊற்றிக்கொண்டிருந்தேன், இப்போது 400. அதில் 200 கிராம் மாவு, 120 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட் மட்டும் முந்தின இரவே பிசைந்து வைக்கிறேன். இத்தாலியர்கள் இதைப் பீகா என்பார்கள். மறுநாள் மீதி மாவு, தண்ணீர், 10 கிராம் உப்பு, இன்னும் கொஞ்சம் ஈஸ்ட். மாவு கையெல்லாம் ஒட்டும். பயந்து மாவு தூவாதீர்கள். கையை நனைத்துக்கொண்டு அரை மணிக்கொரு தரம் இழுத்து மடித்தால், நாலாவது மடிப்பில் தளதளவென்று குலுங்கும். உப்பியதும் காற்றை அமுக்காமல் வெட்டி, 230 டிகிரியில் 25 நிமிடம். ஆறிய பிறகு அறுத்தேன், எவ்வளவு அழகான ஓட்டைகள்!

அடித்துண்டு ஊறியதற்குக் காரணம் கத்தரிக்காய். வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி அரை மணி வைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டே சுடுகிறேன். மொசரெல்லாவையும் துணியில் ஒற்றிவிடுகிறேன்.

அப்புறம், பார்மிசான் சீஸ் சைவமா என்று கேட்டவருக்கு: அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரைய வைக்க, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற பொருள் சேர்கிறது. நான் போடுவதில்லை. மொசரெல்லா வாங்கும்போதும் உறையைப் படித்துப் பாருங்கள்.