சூரியகாந்தியின் விதைச் சுருளை வரைவது எப்படி?

கேள்வி:
சூரியகாந்தியின் நடுப்பகுதியை மட்டும் பெரிதாக, வாட்டர்கலரில் வரைகிறேன். இரு பக்கமும் சுழலும் அந்தப் பின்னல்தான் எனக்கு உயிர். காகிதத்தில் அது வளையம் வளையமாகவே நிற்கிறது. போட்டோவை ட்ரேஸ் செய்ய மனமில்லை. ஸ்கேலும் கோணமானியும் வைத்து வரைய வழி உண்டா?

பதில் 1:
உண்டு. சுருளை வரையவே வேண்டாம், புள்ளி வைத்தால் போதும். ஒவ்வொரு புள்ளியும் முந்தையதிலிருந்து 137.5 பாகை தள்ளி இருக்கட்டும். மையத்திலிருந்து தூரம், வரிசை எண்ணின் வர்க்கமூலத்தை 4 மி.மீ.யால் பெருக்கினால் வருவது. 9ஆம் புள்ளிக்கு 12 மி.மீ., 100ஆவதுக்கு 40. இயற்பியலாளர் ஹெல்முட் வோகல் 1979இல் சொன்ன முறை இது. நூறைத் தாண்டும்போது சுருள்கள் தானாக எழும். ஒரு பக்கமாகச் சுழலும் சுருள்களை எண்ணினால் 13, 21, 34 என்று ஃபிபனாச்சி எண்கள் (முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை) வரும். அந்த நேரத்துச் சந்தோஷமே தனி! கோணத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஒரு பாகை பிசகினாலும் இடைவெளி விழும்.

பதில் 2:
கணக்கு சரி. ஆனால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருந்தால் பூ செத்துவிடும். ஓரத்தில் இருப்பவை முதலில் மலர்ந்தவை, நடுவில் இருப்பவை இன்னும் மொட்டு. ஓரத்தில் தடித்த பழுப்பு, உள்ளே போகப் போகச் சின்னதாக, பச்சை கலந்து வையுங்கள்.

கேட்டவர்:
அந்தப் பச்சையை நான் கவனித்ததே இல்லை. அப்புறம், புள்ளிகளைப் பென்சிலில் வைத்தால் வண்ணத்துக்குள் தெரியாதா?

பதில் 2:
2எச் என்ற கடினமான பென்சில், லேசான கை. காய்ந்த வண்ணத்துக்கு அடியில் இருக்கும் பென்சில் தடத்தை அழிப்பது கடினம், அதனால் வண்ணம் வைக்கும் முன்னாடியே ரப்பரால் ஒற்றி மங்கலாக்கிவிடுங்கள்.