ஊரில் நடந்ததும் செய்தியில் வந்ததும்: உங்கள் அனுபவம் என்ன?

குறுக்குத்துறைக்காரன்
நெல்லையில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கும் எங்கள் முருகன் கோயில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் கொஞ்சம் கூடியிருந்தது, அவ்வளவுதான். உள்ளே சாயரட்சை நடக்கும்போது மும்பையிலிருந்து அத்தை அழுதுகொண்டே அழைத்தாள். "முருகன் முங்கிவிட்டானே!" செய்தியில் ‘நேரலை’ என்று போட்டு 2023 டிசம்பர் வெள்ளக் காட்சியை ஓட்டியிருக்கிறார்கள். வீடியோ அழைப்பில் தீபாராதனையையே காட்டினேன். "நீ காட்டுவது பழைய வீடியோ" என்றாள்! இன்னும் ஆறவில்லை. உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டால் என்ன?

ஸ்ரீவைகுண்டம் மதினி
தேதியை மாற்றினால் பிடித்துவிடலாம் தம்பி. எங்கள் வீட்டு விஷயத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த 2023 வெள்ளத்தில் மைக்கை நீட்டியவரிடம் என் மாமியார், "சோறு வேளைக்கு வந்தது, பால்தான் வரவில்லை" என்றார். கரண்ட் வந்தபின் பார்த்தால் "வரவில்லை" மட்டும் இருக்கிறது. கீழே ‘பட்டினியில் மூதாட்டி’. இடுப்பளவு தண்ணீரில் சோறு சுமந்த எதிர்வீட்டுப் பையன் வாசலில் நின்று, "ஆச்சி, நான் வரவில்லையா?" என்று கேட்டான்.

பாளை வக்கீல்
சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1994 கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6ஆம் விதியைப் பாருங்கள். பொய்யோடு அரை உண்மையையும் சேர்த்தே தடுக்கிறது. மதினி சொன்னது அதுதான். 2021 திருத்தப்படி முதலில் சேனலுக்கு எழுத வேண்டும், 15 நாளில் முடிவு சொல்வார்கள். திருப்தி இல்லையென்றால் சேனல்களே சேர்ந்து வைத்திருக்கும் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு, அதற்கும் மேல் ஒன்றிய அரசின் குழு. ஒளிபரப்பான தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர் மூன்றையும் உடனே குறித்து வையுங்கள். திரையைப் படம் எடுங்கள். நகல் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர் அப்படித்தான்... விடுங்கள், பெரிய கதை.

மேலப்பாளையத்தான்
அண்ணாச்சி, உச்சியில் அரசே உட்கார்ந்தால், அரசைப் பற்றிய செய்தியில் பொய் எது என்று யார் சொல்வது? இணையத்துக்கு அப்படிக் கொண்டுவந்த விதியை மும்பை உயர் நீதிமன்றம் 2024இல் ரத்து செய்ததே. பேச்சுரிமைக்கு வரம்பு கட்டும் அரசியலமைப்புச் சட்டப் பிரிவு 19(2)இல் ‘பொய்’ என்று ஒரு காரணமே கிடையாது. இதையெல்லாம் நான் சேனல் மேல் பாசத்தில் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ‘பதற்றம்’ என்று ஓடிய இரவு நான் பரோட்டாவுக்கு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் கையில் அந்தச் சேனலின் மைக்.

ஸ்ரீவைகுண்டம் மதினி
வக்கீல் அண்ணாச்சி, நகல் எல்லாம் இருக்கட்டும். திருத்தம் போட்டால் அதே நேரத்தில், அதே பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று விதியில் உண்டா? அதை மட்டும் சொல்லுங்கள்.