அப்பாவுக்கு 1987 ஞாபகம் இருக்கிறது, நாலு டீ நிற்கவில்லை

டீக்கடை மகள், ரங்கூன்:
அனோரதா ரோட்டுப் பக்கம் அப்பா நாற்பது வருஷமாக டீக்கடை நடத்துகிறார். ஒரு மேசையில் ஆறு பேர் உட்கார்ந்தாலும் யாருக்கு சோசெய்ன் (பாலும் இனிப்பும் தூக்கலான டீ), யாருக்கு போஜா (இனிப்பு குறைந்த கடும் டீ) என்று எழுதாமலே கொண்டுபோய் வைப்பார். போன திஞ்சான், அதாவது பர்மியப் புத்தாண்டு, முடிந்த வாரம் சின்னதாக ஒரு பக்கவாதம் வந்தது. கை கால் சரியாகிவிட்டது, பேச்சும் தெளிவு. 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த அன்றைக்குக் கல்லாவில் என்ன இருந்தது என்று இப்போதும் சொல்கிறார். ஆனால் நாலு டீ கேட்டுக்கொண்டு அடுப்புக்குத் திரும்பும்போது யாராவது கூப்பிட்டால் போதும், இரண்டு டீ மறந்துபோகும். கவனம் இல்லை என்று அண்ணன் சத்தம் போடுகிறான். அப்பா தலைகுனிந்து நிற்பார், எனக்குத் தாங்கவில்லை. மூளையின் முன்பக்கம் பாதிப்பு என்றார் டாக்டர். பழசெல்லாம் இருக்க, இப்போது கேட்டது மட்டும் ஏன் நழுவுகிறது?

மோல்மேன் நர்ஸ்:
தங்கச்சி, இரண்டும் வேறு வேறு வேலை. பழைய சம்பவங்கள் மூளையின் மேற்பரப்பில் பல இடங்களில் பரவிப் பதிந்துவிட்டவை. நாலு டீயை அடுப்புவரை பிடித்துவைப்பது செயல் நினைவு. முன்மடலின் மேல்பக்கமும் உச்சிக்குப் பின்னால் உள்ள பக்கமடலும் சேர்ந்து அதைச் செய்கின்றன. 1971இல் குரங்குகளிடம் தீனி எங்கே என்று காட்டி மறைத்துப் பார்த்தார்கள். குரங்குகள் காத்திருந்த நேரத்திலும் முன்மடலின் நரம்பணுக்கள் துடித்துக்கொண்டே இருந்தன. நடுவில் வரும் சத்தத்தை ஒதுக்குவதற்கும் முன்மடல்தான் வேண்டும். அப்பா அலட்சியமாக இல்லை, அண்ணனிடம் சொல்லுங்கள். அடுத்த முறை டாக்டரிடமும் இதை விவரமாகச் சொல்லுங்கள்.

தாட்டோன் தம்பி:
அக்கா, நல்ல மூளையிலேயே ஒரே நேரத்தில் நாலு சங்கதிதான் நிற்கும் என்கிறார்களே. முன்பு ஆறு எப்படி நின்றது?

மோல்மேன் நர்ஸ்:
வாடிக்கைக்காரர்கள் தம்பி. முகத்தைப் பார்த்ததுமே அவர் குடிக்கும் டீ நினைவுக்கு வரும், அது பழைய கிடங்கிலிருந்து வருவது. ஆறு பேர் கொண்ட மேசை அவருக்கு ஒரே கொத்து. புது ஆட்கள் வந்தால்தான் கஷ்டம். தங்கச்சி, தட்டில் சோடா பாட்டில் மூடிகளை அடையாளமாக வைத்துப் பாருங்கள், சோசெய்னுக்குச் சிவப்பு, போஜாவுக்கு வெள்ளை. அப்புறம் அவர் நடக்கும்போது யாரும் கூப்பிட வேண்டாம்.

டீக்கடை மகள், ரங்கூன்:
இன்று காலை தட்டில் மூடிகளை வைத்தோம். ஒன்பது டீயில் ஒன்றுதான் மாறியது. அண்ணனுக்கு உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் போய்க் கடை ரேடியோவை நிறுத்தினான்.