16 ஆம்ப் எம்சிபி அடிக்கடி டிரிப் ஆகிறது, 32 போடலாமா?

மாடிவீடு:
அவசரம். தினமும் காலையில் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகிவிடுகிறது. 16ஐ எடுத்துவிட்டு 32 போட்டால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். மதியம் வருவார். போடச் சொல்லலாமா?

தென்காசிக்காரன்:
அந்த லைனில் என்னென்ன ஓடுகிறது? ஒயர் எத்தனை ஸ்கொயர், அதாவது குறுக்குவெட்டு எத்தனை சதுர மி.மீ.? ஆன் செய்ததும் விழுகிறதா, கொஞ்ச நேரம் கழித்தா?

கடல்காற்று:
வோல்டேஜ் பிரச்சினைதான். எங்கள் பக்கமும் இப்படித்தான். ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்கள்.

பழைய ஒயர்மேன்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறைதான் பதில் சொல்வது? கொஞ்சம் தேடிப் படித்துவிட்டுக் கேளுங்கள். எம்சிபி காப்பாற்றுவது லைனில் ஓடும் சாதனத்தை இல்லை, சுவருக்குள் போகிற ஒயரை. குழாய்க்குள் போகும் 2.5 ஸ்கொயர் செம்பு ஒயர் 20, மிஞ்சினால் 24 ஆம்ப் தாங்கும். 32 எம்சிபியோ 36 ஆம்ப் வரை ஒரு மணி நேரம் ஆனாலும் விழாது. அதுவரை ஒயர் கொதித்துக்கொண்டிருக்கும். 32 போட 6 ஸ்கொயராவது வேண்டும்.

மாடிவீடு:
கீசர் 2000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட். கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் விழுகிறது. ஒயர் தெரியாது.

தென்காசிக்காரன்:
4000ஐ 230ஆல் வகுத்தால் 17.4 ஆம்ப். நல்ல 16 எம்சிபி 18 வரை ஒரு மணி நேரத்துக்குள் விழக் கூடாது. வேறு ஏதோ ஓடுகிறது, இல்லையென்றால் எம்சிபி திருகு லூஸ். லூஸான இடம் சூடாகும், அந்தச் சூட்டிலேயே முன்கூட்டி விழும்.

மாடிவீடு:
அயர்ன் பாக்ஸும் அங்கேதான். 1000 வாட். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

தென்காசிக்காரன்:
கட்டாயம். 21.7 ஆம்ப் ஆகிவிட்டதே! விழுவது சரிதான், எம்சிபி தன் வேலையைச் செய்கிறது.

கடல்காற்று:
அப்படியென்றால் பி டைப்பை மாற்றி சி டைப் போடட்டும். எங்கள் வீட்டில் மோட்டாருக்கு அதில்தான் தீர்ந்தது.

பழைய ஒயர்மேன்:
மோட்டார் கதை வேறு. பி, சி வித்தியாசம் எல்லாம் சட்டென்று விழுவதில்தான்: எம்சிபியில் குறித்த ஆம்பைப்போல் பி 3 முதல் 5 மடங்கில், சி 5 முதல் 10 மடங்கில். ஓவர்லோடுக்கு இரண்டும் ஒன்றே. அடிப்படை தெரியாமல் ஆலோசனை சொல்லாதீர்கள்.

கடல்காற்று:
அனுபவத்தில் சொல்கிறேன் ஐயா. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிக ஆம்ப் இழுக்கும், இல்லையா?

பழைய ஒயர்மேன்:
மோட்டார் இழுக்கும். கீசரில் இருப்பது வெறும் காயில், வோல்டேஜ் குறைந்தால் ஆம்பும் குறையும். இந்த லைனில் மோட்டார் எங்கே இருக்கிறது?

மாடிவீடு:
வந்து பார்த்தார். 2.5 ஸ்கொயர்தான். 32 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கீசருக்குத் தனி லைன், தனி 16. நன்றி.

தென்காசிக்காரன்:
நல்லது. பழைய எம்சிபியில் திருகை முறுக்கிப் பார்த்தாரா? ஒயர் முனை கறுத்திருந்தால் அந்த அளவு வெட்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.