கோனோஃபைட்டம்: காய்ந்து கிடக்கும் செடி பூப்பது எப்படி?

கேள்வி:
தென்னாப்பிரிக்காவின் நமக்குவாலாந்தில், ஸ்பிரிங்பொக் நகரை அடுத்த மலைச்சரிவு ஒன்றில் ஜனவரி மாதம் நடந்தபோது, பாறை வெடிப்புகளில் பட்டாணி அளவு உருண்டைகள் பழுப்புச் சருகு போர்த்தி நெருக்கமாக அமர்ந்திருப்பதைக் கண்டேன். அவை கோனோஃபைட்டம் என்றும், உயிருடன்தான் இருக்கின்றன என்றும் வழிகாட்டி கூறினார். தொட்டால் நொறுங்கும் நிலையில் உள்ள செடி எவ்வாறு மீண்டும் பூக்கும் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
வழிகாட்டி கூறியது சரியே. ஒவ்வோர் உருண்டையும் ஒட்டிப் பிறந்த இரண்டு இலைகள்தான். அங்கு மழை பெரும்பாலும் குளிர்காலமான மே முதல் ஆகஸ்ட் வரை பெய்கிறது. அது ஓய்ந்த பிறகு பழைய இலைகளுக்குள் புதிய இணை ஒன்று உருவாகி, அவற்றில் சேர்ந்திருந்த நீரை உறிஞ்சிக்கொள்ள, வெறும் தோலாகிவிட்ட பழைய இலைகள் கோடை வெயிலைத் தடுக்கும் உறையாக நிற்கின்றன. நீங்கள் கண்ட சருகு அதுவே. இலையுதிர் காலத்தில் வெப்பம் தணிந்து ஈரம் கிடைத்ததும் உறை கிழியும்; பெரும்பாலான இனங்கள் பூப்பதும் அப்போதுதான்.

பதில் 2:
விதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்; என்னைப் பொறுத்தவரை இச்செடியின் உண்மையான சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. வறண்ட காய் இறுக மூடியிருக்கும். அதன் மீது நீர் பட்டால், மூடிகளின் உட்புறத்திலுள்ள திசு ஈரத்தை ஏற்று உப்பி, சில நிமிடங்களில் மூடிகளை நட்சத்திரம்போல் விரித்துவிடும். மழைத்துளிகள் மோதித் தூசியளவு விதைகளை அருகிலுள்ள வெடிப்புகளுக்குத் தெறிக்கவிடும். காய்ந்ததும் மீண்டும் மூடிக்கொள்வதால், முதல் மழைக்கே எல்லா விதைகளும் தீர்ந்துவிடுவதில்லை. சில இனங்கள் இரவில் மலர்ந்து மணம் பரப்பி அந்துப்பூச்சிகளை அழைப்பவை என்பது கூடுதல் செய்தி.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இணையத்தில் இச்செடிகள் விற்பனைக்கு வருகின்றனவே, வாங்கலாமா?

பதில் 1:
விதையிலிருந்து பண்ணையில் வளர்த்தவையாக இருந்தால் மட்டும் வாங்கலாம். 2019க்குப் பிறகு அம்மலைகளிலிருந்து இச்செடிகளைத் திருட்டுத்தனமாகப் பெயர்த்தெடுப்பது பெருகி, பறிமுதலானவை லட்சக்கணக்கை எட்டியுள்ளன. அக்கெனேஸ் ஊரருகே ஒரே ஒரு குன்றில் மட்டும் வளரும் கோனோஃபைட்டம் பர்கெரி போன்ற இனங்களுக்கு ஒரு திருட்டே பேரிழப்பாகும். எந்த ஆண்டு விதைத்தது என்று கேட்டால் மழுப்புபவரிடமும், முதிர்ந்த பெருங்கொத்துகளை மலிவாகத் தருபவரிடமும் வாங்காதீர்கள்.