புதுப்பிப்பு: தூர மூலையில் சோர்ந்து நிற்கும் மாதிரி ரயில் – சரிவந்துவிட்டது

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டு மேல்மாடியில் போட்டிருக்கும் எச்.ஓ. (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவு) மாதிரி ரயில் தளத்தில், தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து தள்ளிப் போகப் போக இஞ்சின் சோர்ந்து நிற்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் ஸ்பிரிட் தொட்ட துணியால் தண்டவாளத்தைத் துடைத்தேன். துணி கன்னங்கரேலென்று வந்தது, ஓட்டமும் கொஞ்சம் சீரானது; தூர மூலையில் மட்டும் அதே சோர்வு. ட்ரான்ஸ்ஃபோமரில் பழுதில்லை. வேலை செய்தது, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி வயர் கொடுக்கச் சொல்லிப் பதில் போட்ட அண்ணனின் யோசனைதான். பலகைக்கு அடியில் தடித்த செப்பு வயர் இரண்டை ஓடவிட்டு, அதிலிருந்து மெல்லிய வயர்களை எடுத்து, தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். உள்பக்கம் வைத்தால் சில்லின் விளிம்பு தட்டும்.

எதிர்பாராதது ஒன்று: இஞ்சினைத் தூக்கிவிட்டு அளந்தால் மூலையிலும் மீட்டர் முழு 12 வோல்ட் காட்டியது. இஞ்சின் மின்சாரம் இழுத்து ஓடும்போது அளந்தால்தான் வோல்ட் விழுந்தது. தண்டவாளத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்புத் தகடுகளைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. வாவிக் காற்று சும்மா விடுமா?

மாரிக்குப் பலகை ஊதும் என்பதால் தண்டவாள மூட்டுகளுக்கு ஈயம் வைக்கவில்லை, சிறு இடைவெளி விட்டிருக்கிறேன். தனி வயர் இருப்பதால் மின்சாரம் தடைப்படாது.