ஓடிட்டு இருக்கும்போதே மொத்தமா ஆஃப்: இக்னிஷன் ஸ்விட்ச் மாத்துன அனுபவம் இருக்கா?

டோல்கேட்_தம்பி:
விக்கிரவாண்டி தாண்டி வரேன், பாலத்து ஜாயின்ட்ல வண்டி ஒரு தூக்கு தூக்கிச்சு, அவ்ளோதான், மீட்டர், பாட்டு, இன்ஜின் எல்லாம் ஒண்ணா ஆஃப். ஸ்டியரிங் இறுகிப்போச்சு, ரெண்டு மிதிக்கப்புறம் பிரேக்கும் கட்டை, பின்னாடி ஆம்னி பஸ் ஹாரன். சாவிய லேசா ஆட்டுனா லைட் வருது, விட்டா போகுது. ஆளாளுக்கு பேட்டரினாங்க. வீட்ல கவர கழட்டி லாக்குக்குப் பின்னாடி இருக்குற ஸ்விட்ச மட்டும் மாத்துனேன், ரெண்டு ஸ்குரூ, ஒரு கப்ளர் (ஒயர் சொருகுற பிளக்), சாவி அதேதான். பழசைப் பிரிச்சா செம்பு காண்டாக்ட் கருகி, சுத்தி பிளாஸ்டிக் உருகி வழிஞ்சு... மோந்து பாத்தா இப்பவும் கருகல் வாடை.

ஸ்பேனர்_பைத்தியம்:
ரெண்டு ஸ்குரூனு ஆசைகாட்டாதீங்க ப்ரோ. எனக்கு சாவியே திரும்பல, மொத்த லாக் செட்டும் கழட்ட வேண்டியதாச்சு. அந்த போல்ட்டுக்கு தலையே கிடையாது, திருடன் கழட்டக்கூடாதுன்னு டைட் பண்ணும்போதே தலை ஒடைஞ்சு விழுற மாதிரி செஞ்சிருக்கான். கீழ படுத்துக்கிட்டு பஞ்ச் வெச்சு ஓரத்துல தட்டித் தட்டித்தான் நகத்துனேன். புது லாக் போட்டா செல்ஃப் எடுக்குது, உடனே ஆஃப் ஆகுது. இம்மொபிலைசர், சாவில இருக்குற சிப்பு தெரிஞ்சாத்தான் இன்ஜின ஓட விடுற திருட்டுத் தடுப்பு! பழைய சாவிய, சிப்ப படிக்கிற காயில் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு புது சாவிய திருகுனேன், ஓடிச்சு பாருங்க, சிரிச்சுட்டேன். சிப்பு பழசுலதான இருக்கு.

ராப்பகல்:
நான் மாத்தல, மெக்கானிக் அண்ணன் மாத்தும்போது பக்கத்துல நின்னேன். ரெண்டு பேருமே முக்கியமானத சொல்லலியே. முதல்ல 10 நம்பர் ஸ்பேனர எடுத்து பேட்டரி நெகட்டிவ கழட்டுங்க. ஏர்பேக் வண்டினா உடனே கை வைக்காதீங்க, உள்ள கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், மேனுவல்ல எவ்ளோ நேரம் போட்டிருக்கோ அவ்ளோ நேரம் சும்மா உக்காருங்க. மஞ்சள் கப்ளர தொடாதீங்க, அது ஏர்பேக் ஒயர், அதுல மல்டிமீட்டர் வெச்சுப் பாக்கவே கூடாது. ஸ்டியரிங் வீல கழட்டுனா கிளாக் ஸ்பிரிங் (வீலுக்குப் பின்னாடி சுருண்டிருக்குற ரிப்பன் ஒயர்) சென்டர் மாறாம பாத்துக்கங்க, மாறுனா திருப்பும்போது உள்ள ரிப்பன் அறுந்துடும். பழைய ஸ்விட்ச் எந்த பொசிஷன்ல இருந்துச்சோ புதுசும் அதுலயே மாட்டணும். மாட்டிட்டு வீட்டு வாசல்லயே ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க, ரோட்ல போகும்போது லாக் விழுந்தா கதை முடிஞ்சுது.

அம்பாசிடர்_பேரன்:
தம்பி, சாவிக்கொத்துல எவ்ளோ வெயிட்டு? 2014ல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான வண்டிய திரும்பக் கூப்பிட்டது இதுக்குத்தான். உள்ள ஸ்பிரிங் பிடிப்பு பத்தாம, வெயிட்லயோ குலுக்கல்லயோ சாவி தானா பின்னாடி திரும்பி, ஓட்டத்துலயே இன்ஜின் ஆஃப், ஏர்பேக்கும் விரியல. 124 பேர் போய்ட்டாங்க.

டோல்கேட்_தம்பி:
அண்ணா, என் சாவில ஒரு குட்டி பிள்ளையார்தான் தொங்குறார். சாவி திரும்பவும் இல்ல, ஆன்லயேதான் இருந்துச்சு. கருகிருக்குன்னு மேலயே எழுதிருக்கேன்ல?

ஸ்பேனர்_பைத்தியம்:
கருகுதுன்னா லோடு ஜாஸ்தி. எக்ஸ்ட்ரா லைட்டுக்கு ரிலே (ஸ்விட்சுக்குப் பதிலா பெரிய கரன்ட்ட தாங்குறது) இல்லாம நேரா அங்கருந்து ஒயர் இழுத்திருக்கா? அப்டினா புதுசும் போய்டும்.

டோல்கேட்_தம்பி:
பழைய ஓனர் முன்னாடி ரெண்டு ஃபாக் லேம்ப் போட்டிருந்தார். ஞாயித்துக்கிழமை பானட்ட தெறந்து பாத்துட்டு வரேன்.